தரவுப் பட்டியல்களில் முந்தைய பதிப்புகள்: சுட்டுதலும் மறைத்தலும்

1. முன்னுரை

மொழி ஆய்வுக்குரிய தரவுகள் இன்று பெரும்பாலும் கணிப்பொறி வழியே பெறப்படுகின்றன. தரவகம், மரவங்கி, சொல்வலை, பேச்சுப் பதிவுத் தொகுதி ஆகியவற்றுள் எதனைத் தேடுபவரும் முதலில் காண்பது அத்தரவின் பட்டியலையே ஆகும். ஒரு தரவுத்தொகுதி திருத்தப்பட்டு மீண்டும் வெளியிடப்படும்போது, அதன் முந்தைய பதிப்பைப் பட்டியல் என்ன செய்ய வேண்டும் என்னும் வினா எழுகிறது. நடைமுறையில் இதற்கு இருவகைத் தீர்வுகள் கையாளப்படுகின்றன. முந்தைய பதிப்பின் பெயருக்கு அருகில் ஒரு குறிப்புச்சொல்லை இட்டுச் சுட்டுதல் ஒன்று. பட்டியலின் இயல்புக் காட்சியிலிருந்து அதனை மறைத்தல் மற்றொன்று.

இது பட்டியலை அமைக்கும் பொறியாளர்களின் பணி எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், குறிப்புச்சொல் என்பது சுருக்கப்பட்ட ஒரு கூற்றாகும். 'பழைய பதிப்பு' என்று எழுதுபவர் அப்பதிப்பைப் பற்றி ஏதோ ஒன்றை உரைக்கிறார். அதனை மறைப்பவரும், 'இது உங்களுக்குத் தேவையில்லை' எனச் சொல்லாமல் சொல்கிறார். இக்கூற்றுகள் உண்மையா, எக்காலம் வரை உண்மை, தமிழில் அவற்றை ஐயத்திற்கு இடமின்றிக் கூறுவது எவ்வாறு என்பன மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய வினாக்கள். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. 'பதிப்பு' என்னும் சொல்

அச்சு நூல் மரபில் 'பதிப்பு' என்பது நன்கு நிலைபெற்ற சொல். உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் முதன்முதலாக வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. நூலகத்தில் இரண்டும் தனித்தனி நூல்கள். இரண்டிற்கும் தனித்தனிப் பதிவட்டைகள் உண்டு. இரண்டாம் பதிப்பு வந்தமையால் முதற்பதிப்பு அடுக்கிலிருந்து மறைந்துவிடுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. விடுபட்ட சொற்கள் பின்னர்த் தனியே ஓர் அநுபந்தமாகத் தரப்பட்டன. எனவே முதலில் இருந்தது எது, பின்னர்ச் சேர்ந்தது எது என்பதனைப் பயன்படுத்துவோர் பிரித்தறிய முடிகிறது.

கணிப்பொறித் தரவுக்கு இத்தகைய இயல்பான பாதுகாப்பு இல்லை. ஒரே பெயரில், ஒரே இடத்தில், முன்னிருந்த கோப்பின் மீதே புதிய கோப்பை எழுதிவிட இயலும். அவ்வாறு எழுதினால் மாற்றம் நிகழ்ந்தமைக்கான சுவடே எஞ்சுவதில்லை. ஆகவே தரவுத்தொகுதிகளைப் பொறுத்தவரை, 'பதிப்பு' என்பது தானாகத் தோன்றும் ஒரு பொருளன்று. பட்டியல் அதனைப் பேணிக் காட்டினால்தான் அது உண்டு. அச்சு நூலுக்கு நூலக அடுக்கு செய்த பணியினைத் தரவுக்குப் பட்டியல் செய்ய வேண்டியுள்ளது.

3. முந்தைய பதிப்பு தேவைப்படும் சூழல்கள்

முந்தைய பதிப்பு என்றால் குறைபாடுடையது என்றும், அடுத்த பதிப்பு அதன் குறைகளை நீக்கியது என்றும் எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணம் எல்லா இடங்களிலும் பொருந்துவதில்லை என்பதனைப் பின்வரும் மூன்று சான்றுகள் காட்டும்.

3.1 பிரித்தானிய தேசியத் தரவகத்தின் முதற்பதிப்பில் 4124 பனுவல்கள் இருந்தன. அப்பதிப்பின் வழங்கல் ஐரோப்பாவிற்குள் அடங்கியிருந்தது. 2001இல் உலகப் பதிப்பு வெளியிடப்பட்டபோது, உலகளாவிய உரிமை பெற இயலாத பனுவல்கள் நீக்கப்பட்டன. 2007இல் வந்த எக்ஸ்எம்எல் பதிப்பில் உள்ள பனுவல்கள் 4049. குறியீட்டு முறையிலும் திருத்தத்திலும் பின்னைய பதிப்பு மேம்பட்டது. பனுவல்களின் எண்ணிக்கையிலோ முதற்பதிப்பே மிகுதி. முதற்பதிப்பில் ஒரு சொல் எத்தனை முறை வந்துள்ளது என எண்ணி எழுதப்பட்ட கட்டுரையைப் பின்னைய பதிப்பைக் கொண்டு சரிபார்த்தால் எண்கள் மாறுபடக்கூடும். அதற்குக் காரணம் கட்டுரையாசிரியரின் கவனக்குறைவாக இருக்க வேண்டியதில்லை.

3.2 பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சொல்வலையில் ஒவ்வொரு பொருட்கணத்திற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண், கோப்பில் அப்பதிவு தொடங்கும் இடத்தைக் குறிப்பது. எனவே கோப்பில் ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் பின்வரும் எண்கள் யாவும் மாறும். பிறமொழிச் சொல்வலைகள் பல 2006இல் வெளிவந்த 3.0ஆம் பதிப்பின் எண்களோடு இணைக்கப்பட்டுள்ளன. 'இமேஜ்நெட்' என்னும் படத் தொகுதியும் அப்பதிப்பின் எண்களையே கொண்டுள்ளது. 3.1ஆம் பதிப்பு வந்த பின்னரும் 3.0 உயிரோடுள்ள பதிப்பாகவே இருப்பதற்குக் காரணம் இதுவே. இதனைப் 'பழையது' எனக் கூறி மறைத்தால், அதனோடு இணைக்கப்பட்ட பிற வளங்களின் எண்கள் எதனைச் சுட்டுகின்றன என்பதே விளங்காமற் போகும்.

3.3 'யூனிவர்சல் டிபென்டென்சீஸ்' எனப்படும் பொதுமைச் சார்பிலக்கணத் திட்டம் தன் முதல் வெளியீட்டை 2015 சனவரியில் 10 மொழிகளுடன் தந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 1.2ஆம் வெளியீட்டில் தமிழ் இடம்பெற்றது. பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட 600 தொடர்கள் கொண்ட தமிழ் மரவங்கியே அதற்கு அடிப்படை. 2017 மார்ச்சில் வந்த 2.0ஆம் வெளியீட்டில் பகுப்பு நெறிகளே மாறின. நேர்ச் செயப்படுபொருளுக்குரிய உறவின் பெயர் மாற்றப்பட்டது. இணைப்பிடைச்சொல்லின் வகைப்பெயர் மாற்றப்பட்டது. எதிர்மறைக்கெனத் தனியே இருந்த உறவு விலக்கப்பட்டு, எதிர்மறை ஓர் இலக்கணப் பண்பாகக் குறிக்கப்பட்டது.

2016 நவம்பரில் வெளியான 1.4ஐக் கொண்டு ஏதேனும் ஒரு மொழியின் எதிர்மறை உறவுகளை ஓர் ஆய்வாளர் எண்ணி எழுதியிருப்பதாகக் கொள்வோம். அவருடைய ஆய்வேட்டை இன்று மதிப்பிடுபவர் பட்டியலில் அண்மைய பதிப்பை மட்டுமே காண்கிறார், அதில் அவ்வுறவைத் தேடுகிறார், ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. பதிப்பு வேறுபாடு அவருக்குத் தெரியாவிடின், ஆய்வாளரின் நேர்மையையே அவர் ஐயுற நேரும். முந்தைய பதிப்பைப் பேணுவது வெறும் பழமை விருப்பம் அன்று என்பதும், ஓர் ஆய்வின் மெய்ம்மையைக் காட்டும் சான்றினைப் பேணுவதே என்பதும் இதனால் விளங்கும்.

4. மறைத்தலின் தேவை

மறுபக்கமும் எண்ணத்தக்கது. மேற்கூறிய சார்பிலக்கணத் திட்டம் 2024 நவம்பரில் வந்த 2.15 வரை 21 முறை வெளியீடு கண்டுள்ளது. தமிழுக்கு மரவங்கி தேடும் ஒரு மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரே தலைப்பில் 21 வரிகள் காட்டப்படுமாயின், அவர் எதனைத் தேர்வார் என்பது உறுதியில்லை. முதல் வரியில் இருப்பதையே பெரும்பாலோர் எடுப்பர். அது திருத்தப்பெறாத பதிப்பாக இருக்கலாம். எனவே முதன்முறையாக வருபவர்க்கு அண்மையதை முன்னிறுத்துவதும், மற்றவற்றைப் பின்னிறுத்துவதும் தேவையே. எதனை எவ்வளவு மறைப்பது என்பதே ஆராயத்தக்கது.

5. குறிப்புச்சொற்களின் பொருண்மை

முந்தைய பதிப்புகளைச் சுட்டத் தமிழில் வழங்கத்தக்க தொடர்களாகப் பின்வருவனவற்றைக் கொள்ளலாம்.

(1) பழைய பதிப்பு
(2) முந்தைய பதிப்பு
(3) வழக்கொழிந்த பதிப்பு
(4) கைவிடப்பட்ட பதிப்பு
(5) மாற்றப்பட்ட பதிப்பு
(6) தவிர்க்கத்தக்க பதிப்பு
(7) திரும்பப் பெறப்பட்ட பதிப்பு

இவை ஒரு பொருட்கிளவிகள் அல்ல. இவற்றிடையே உள்ள வேறுபாடுகளை மூன்று நிலைகளில் காணலாம்.

5.1 சுட்டும் உறவும்

'பழைய', 'புதிய', 'அண்மைய', 'இப்போதைய' என்பன பேசும் காலத்தைச் சார்ந்து பொருள் தருவன. 2017இல் 2.0ஐப் 'புதிய பதிப்பு' என எழுதியது உண்மை. அதே சொல் 2018இல் 2.2 வந்த பின்னரும் பதிவில் நின்றால் பொய்யாகிவிடும். ஒருமுறை எழுதிப் பல்லாண்டுகள் நிற்க வேண்டிய பதிவில் இத்தகைய சொற்களுக்கு இடம் தருதல் கூடாது. ஒருவர் பட்டியலைப் பார்க்கும் நேரத்தில் கணிப்பொறி கணித்துக் காட்டும் குறிப்பாக மட்டுமே இவை வரலாம்.

(2)இல் உள்ள 'முந்தைய' என்னும் சொல் இவ்வகையில் சற்று வேறுபட்டது. அது நான்காம் வேற்றுமையை ஏற்கும். '2.10க்கு முந்தைய பதிப்பு' என்பது இயல்பான தொடர். '2.10க்குப் பழைய பதிப்பு' என்பது வழக்கில் இல்லை. அதாவது 'முந்தைய' என்பது எதற்கு என்னும் வினாவை எழுப்பி அதற்கு விடையையும் ஏற்கிறது. 'பழைய' அதனை எழுப்புவதில்லை. மேலும், 'பழைய' என்பது பல சூழல்களில் மதிப்புக் குறைவையும் உணர்த்தும். ஆகவே பதிவில் எழுதத்தக்கது '2.10க்கு முந்தையது' என்பதே. இக்கூற்று எந்த ஆண்டில் படித்தாலும் உண்மையாகவே இருக்கும்.

5.2 பெயரெச்சத்தின் இருபொருண்மை

(3), (4), (5), (7) ஆகியவற்றில் வருவன இறந்தகாலப் பெயரெச்சங்கள். தமிழ்ப் பெயரெச்சம் தான் தழுவும் பெயரின் வேற்றுமை உறவை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. (5)இல் 'மாற்றப்பட்ட பதிப்பு' என்பது 'திருத்தம் செய்யப்பட்ட பதிப்பு' எனவும் பொருள்படும். 'வேறொன்றால் இடம் பறிக்கப்பட்ட பதிப்பு' எனவும் பொருள்படும். முதற்பொருளில் அது புதியது; இரண்டாம் பொருளில் முந்தையது. 'பதிலீடு செய்யப்பட்ட பதிப்பு' என்றாலும் இதே இடர்ப்பாடு எழும். நேரெதிரான இரு பொருள்களைத் தரும் ஒரு தொடர் பட்டியலுக்கு உதவாது. ஆங்கிலத்தின் 'சூப்பர்சீடட்' என்னும் ஒற்றைச் சொல்லுக்கு ஈடாக ஒற்றைப் பெயரெச்சத்தையே தேடும் மொழிபெயர்ப்பாளர் இங்குத் தவறுதல் எளிது. 'இப்பதிப்பின் இடத்தில் 2.15 வந்துள்ளது' என வினைமுற்றுக் கொண்ட முழுத்தொடராக எழுதினால் இவ்விருபொருண்மை நீங்கும். குறிப்பு சிறிது நீண்டாலும் அதில் தேவையான இரண்டு செய்திகளும் உள்ளன: இடம் இழந்தது எது, இடம் பெற்றது எது.

'டெப்ரிகேட்டட்' என்னும் ஆங்கிலச் சொல்லை (3) போலவோ (4) போலவோ பெயர்ப்பதும் பொருந்தாது. அச்சொல், 'இன்னும் உள்ளது, இயங்கும், ஆயினும் புதிய பணிகளுக்கு வேண்டா' என்னும் அறிவுரையைத் தருவது. 'வழக்கொழிந்த' என்பது எவரும் செய்யாமல் தானே நிகழ்ந்து முடிந்த ஒன்றைக் குறிக்கும். 'கைவிடப்பட்ட' என்பது பேணுவோர் இல்லை என்னும் பொருளைத் தரும். இரண்டிலும் அறிவுரைப் பொருள் இல்லை. (6)இல் உள்ள '-தக்க' என்னும் ஈறு நிகழ்ச்சியைக் கூறாமல் தகுதியைக் கூறுவதால் இப்பொருளுக்கு நெருங்கி வருகிறது. 'புதிய ஆய்வுகளில் தவிர்க்கத்தக்கது' என எல்லை வகுத்துக் கூறின் இன்னும் தெளிவாகும். ஏனெனில் பழைய ஆய்வைச் சரிபார்ப்பவர்க்கு அப்பதிப்பு தவிர்க்கத்தக்கது அன்று, வேண்டப்படுவது.

(7) 'திரும்பப் பெறப்பட்ட' என்பது உரிமைச் சிக்கலாலோ பெரும்பிழையாலோ வெளியீட்டாளரே வழங்குதலை நிறுத்திய பதிப்புக்கு மட்டுமே உரியது. செயப்பாட்டு வினை செய்தவரை மறைத்து நிற்பதால், யாரால், எந்நாளில், எக்காரணத்தால் என்பன உடன் வருதல் வேண்டும்.

5.3 அடையின் எல்லை

குறிப்புச்சொல்லைத் தலைப்பின் முன்னே ஒட்டுவதாலும் குழப்பம் நேரும். 'பழைய தமிழ்த் தரவகம்' என்பதில் 'பழைய' என்பது தரவகத்திற்கு அடையா, தமிழுக்கு அடையா? முதல் நிலையில் இது ஒரு தமிழ்த் தரவகத்தின் முந்தைய பதிப்பு; இரண்டாம் நிலையில் பழந்தமிழ் நூல்களின் தரவகம். இரு பொருளிலும் சந்தி ஒன்றே ஆதலால் எழுத்துவடிவம் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. சங்க இலக்கியத் தரவைத் தேடும் ஒருவர் இத்தலைப்பைக் கண்டு ஏமாறலாம். மேலும், முன்னொட்டு சேர்வதால் அகரவரிசையில் அத்தலைப்பு தன் இனப் பதிப்புகளை விட்டுப் பிரிந்து பகர வரிசைக்குச் சென்றுவிடும். எனவே தலைப்பு மாறாது நிற்க, நிலை பற்றிய குறிப்பு தனிப் புலத்தில் இடம்பெறுதல் வேண்டும்.

6. மறைத்தலின் படிகள்

'மறைத்தல்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவனவற்றுள் நான்கு படிகளைப் பிரித்துக் காணலாம். முதற்படியில், முந்தைய பதிப்புகள் அண்மைய பதிப்பின் கீழ் மடித்து வைக்கப்படுகின்றன, விரித்தால் தெரியும். இரண்டாம் படியில், தேடல் முடிவுகளில் அவை வருவதில்லை. நேரடி முகவரி அறிந்தவர் மட்டும் அடையலாம். மூன்றாம் படியில், தரவு அகற்றப்படுகிறது. ஆனால் இன்ன பதிப்பு இருந்தது, இன்ன காரணத்தால் அகற்றப்பட்டது என்னும் பதிவு நிற்கிறது. நான்காம் படியில் தரவும் பதிவும் சேர்ந்தே அழிகின்றன.

முதற்படி யாருக்கும் தீங்கு செய்வதில்லை. இரண்டாம் படி, மேற்கோள் முகவரி அழியாதிருக்கும் வரை ஏற்கத்தக்கது. மூன்றாம் படி உரிமை, தனிமனித மறைபொருள் போன்ற தக்க காரணம் உள்ளவிடத்து மட்டுமே உரியது. நான்காம் படிக்கு மேற்கோளாளப்பட்ட எத்தரவும் ஆளாகக் கூடாது. குறிப்புச்சொல்லும் மறைத்தற்படியும் ஒன்றோடொன்று ஒத்திருத்தலும் வேண்டும். 'முந்தையது' என்று மட்டும் கூறி மூன்றாம் படியில் வைப்பதும், 'திரும்பப் பெறப்பட்டது' என்று கூறி முதற்படியில் வைப்பதும் பயன்படுத்துவோரைத் திகைக்க வைக்கும்.

எதனை மறைப்பது எனக் கணிக்கும்போது எண்ணையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். பதிப்பெண் தசம எண் அன்று. 2021 நவம்பரில் 2.9 வந்தது, 2022 மே மாதத்தில் 2.10 வந்தது. இவற்றைத் தசமமாகக் கொண்டால் 2.10 என்பது 2.1க்குச் சமமாகி, 2.9ஐவிடச் சிறியதாகும். எழுத்து வரிசையாகக் கொண்டாலும் 2.10 முன்னே வரும். 'மிகப்பெரிய எண்ணைக் காட்டு. மற்றவற்றை மறை' எனக் கட்டளையிட்டால் அண்மைய பதிப்பே மறைந்து, அதற்கு முந்தையது முன்னிற்கும். புள்ளிக்கு இருபுறமும் உள்ளவற்றைத் தனித்தனி முழு எண்களாகக் கொள்வதே முறை.

7. நடைமுறையில் உள்ள சில அமைப்புகள்

ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் 'ஜெனோடோ' களஞ்சியம் 2017இல் இருவகை அடையாள எண்களை வழங்கத் தொடங்கியது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண். எல்லாப் பதிப்புகளையும் சேர்த்துக் குறிக்கும் பொது எண் ஒன்று. பொது எண் எப்போதும் அண்மைய பதிப்பிற்கு இட்டுச் செல்லும். தேடலில் அண்மைய பதிப்பு மட்டும் இயல்பாகக் காட்டப்படுகிறது. எல்லாப் பதிப்புகளையும் காண விரும்புவோர் அதனைத் தெரிவு செய்யலாம். முந்தைய பதிப்பின் பக்கத்தில் புதியது ஒன்று உண்டு என்னும் அறிவிப்பு வருகிறது. இங்குப் பயன்படுத்துவோரின் கடமையும் ஒன்று உண்டு. ஆய்வேட்டில் பொது எண்ணை மட்டும் மேற்கோள் தந்தால், படிப்பவர் ஆய்வாளர் கண்ட தரவையன்றி, பின்னர் வந்த தரவையே காண்பார்.

பிராக் நகரின் 'லிண்டாட்' களஞ்சியம் சார்பிலக்கணத் திட்டத்தின் ஒவ்வொரு வெளியீட்டையும் தனிப் பதிவாகவும் தனி நிலை முகவரியோடும் வைத்துள்ளது. தரவுப் பட்டியல்களுக்கென உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2024இல் வெளியிட்ட 'டிகேட்' மூன்றாம் பதிப்பு, முந்தைய பதிப்பு, நடப்புப் பதிப்பு, இடம் பெற்ற பதிப்பு ஆகிய உறவுகளுக்குத் தனித்தனிப் பெயர்களைத் தருகிறது. இவற்றின் இடைமுகங்களைத் தமிழாக்கும்போது, மேலே 5இல் கண்ட வேறுபாடுகள் அனைத்தும் நேரடியாகப் பயன்படும்.

யூனிகோடு பின்பற்றும் நெறியும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதில் ஆய்த எழுத்துக்கு வழங்கிய பெயர் 'டமில் சைன் விசர்கா' என்பதாகும். ஆய்தமும் வடமொழி விசர்க்கமும் ஒன்றல்ல என்பது தமிழ் கற்றோர் அறிந்தது. ஆயினும் ஒருமுறை வழங்கிய பெயரை மாற்றுவதில்லை என்பது அவ்வமைப்பின் உறுதிப்பாடு. எனவே பெயர் அப்படியே நிற்க, 'ஆய்தம்' என்பது விளக்கக் குறிப்பாக உடன் தரப்பட்டுள்ளது. பிழையை மறைக்காமல், அதன் அருகிலேயே திருத்தத்தைக் காட்டுவதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பாடத்தைத் திருத்திய பின்னும் விலக்கிய பாடத்தை அடிக்குறிப்பில் காட்டும் சுவடிப் பதிப்பாசிரியர்களின் மரபும் இத்தன்மையதே.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு. பதிவில் நிலையாக எழுதப்படும் குறிப்பு, எண்ணும் நாளும் உறவும் கொண்டதாக இருத்தல் வேண்டும். காலத்தைச் சுட்டும் சொற்கள் காட்சியில் மட்டும் கணிக்கப்பட்டு வரலாம். உறவைப் பெயரெச்சத்தால் சுருக்காது முழுத்தொடரால் கூறுதல் தமிழில் தெளிவு தரும். குறிப்பு தலைப்போடு ஒட்டாது தனித்து நிற்றல் வேண்டும். மறைத்தல் என்பது முன்னிறுத்தலின் மறுபக்கமாக அமையலாமேயன்றி, அழித்தலாக அமைதல் கூடாது.

ஒரு தரவுத்தொகுதியின் முந்தைய பதிப்பு, அதனைக் கொண்டு எழுதப்பட்ட ஆய்வுகள் படிக்கப்படும் வரை நடப்பில் உள்ள பதிப்பே ஆகும். இந்திய மொழிகளுக்கான தரவுப் பட்டியல்கள் பெருகிவரும் இந்நாளில், அவற்றின் குறிப்புச்சொற்களைத் தேர்வதில் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தொடக்கத்திலேயே பங்குகொள்வது நலம் பயக்கும்.